பாதிப் பூனைகளைப் பிடித்தால் பாதிப் பறவைகள் தப்புமா?

பறவைகளை வேட்டையாடும் பூனைகளைப் பற்றிப் பேசும்போது, "பூனைகளைப் பாதியாகக் குறைத்தால் பறவை இழப்பும் பாதியாகும்" என்று சிலர் சொல்வதுண்டு. இது சரியல்ல. எல்லாப் பூனைகளும் ஒரே இரையைத் தேடுவதில்லை. பல பூனைகள் எலி, முயலோடு நின்றுவிடும். ஓரிரண்டு மட்டும் ஓர் அரிய உயிரினத்தையே குறிவைத்துப் பழகிவிடும். அந்த ஒன்று பொறியில் சிக்காமல் போனால் எண்ணிக்கை குறைந்தும் பயனில்லை.

ஒரே ஒரு விலங்கு எவ்வளவு அழிக்கும் என்பதற்கு, 1987இல் நியூசிலாந்தின் வைடாங்கி காட்டில் நடந்ததைப் பாருங்கள். ஒரே ஒரு நாய், சில வாரங்களுக்குள், ரேடியோ கருவி பொருத்திய கிவிப் பறவைகளில் மட்டும் 13ஐக் கொன்றது! கருவி இல்லாமல் மடிந்தவை இன்னும் பல. அந்த நாயைச் சுட்ட பிறகே கொலைகள் நின்றன.

பல பூனைகளின் இரைப்பையில் என்ன இரை இருக்கிறது என்று பார்க்கும் ஆய்வுகளின் சராசரி இத்தகைய தனி விலங்கை மறைத்துவிடும். ஓர் இடத்தில் அழிந்தபின் மீண்டும் கொண்டுவந்து விடப்பட்ட சிறிய உயிரினக் கூட்டங்களுக்கு ஆபத்து அதனிடமிருந்துதான் வருகிறது.