இனிமா கேன் எங்கே போச்சு?

போன மாதம் எங்கள் தெருவில் ஒரு வீட்டிலிருந்து கூப்பிட்டார்கள். பெரியவர் பக்கவாதம் வந்து ஆறு மாதமாகப் படுக்கை. “யக்கா, அப்பாவுக்கு மூணு நாளா தண்ணியாப் போகுது, மாத்திரை குடுத்தும் நிக்கல” என்றான் மகன். வயிற்றைத் தொட்டால் கல் மாதிரி இருந்தது. அதற்கு முன்னால் எத்தனை நாள் வெளிக்கிப் போகவில்லை என்று கேட்டேன். யாரிடமும் கணக்கு இல்லை.

அது வயிற்றுப்போக்கே இல்லை. மலம் இறுகி அடைத்திருக்க, மேலே தேங்கியது அதன் ஓரமாகக் கசிகிறது. நிறுத்துகிற மாத்திரை அந்த அடைப்பை இன்னும் இறுக்கும். ஒரு மருத்துவமனையில் ஸ்கேன்கூட எடுத்திருக்கிறார்கள், ஆனால் விரல் விட்டுப் பார்க்க ஒருத்தருக்கும் தோன்றவில்லை. டாக்டரிடம் போனில் கேட்டுக்கொண்டு, கையுறை மாட்டி, இறுகியதைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துவிட்டு, மலவாய் வழியாகத் தண்ணீர் ஏற்றி மலத்தை இளக்குகிற இனிமா கொடுத்தேன். அன்று ராத்திரி கஞ்சி கேட்டுக் குடித்திருக்கிறார்.

முப்பது வருஷம் நர்ஸ் வேலை பார்த்தவள் நான். பிரசவ வார்டில் வலியோடு வருகிற பெண்ணுக்கு முதலில் ஷேவிங், அடுத்து சோப்புத் தண்ணீர் இனிமா. துடிக்கிறவளைக் கக்கூசுக்கு ஓடவிட்டோம். இப்போது நினைத்தாலும் மனசு வலிக்கிறது. 1996-லேயே உலக சுகாதார நிறுவனம் அந்த வழக்கத்தை விடச் சொல்லிவிட்டது. அது போனது நல்லதுதான். குடல் பரிசோதனைக்கும் இப்போது பெரும்பாலும் பொடி கரைத்துக் குடித்தால் போதும்.

ஆனால் வேண்டாத இனிமாவோடு வேண்டியதும் போய்விட்டது. மலத்தை இளக்கக் குடிக்கிற லாக்டுலோஸ் சிரப் நல்ல மருந்து. மலவாயிலேயே கட்டி அடைத்து நிற்கும்போது அதை மட்டும் ஊற்றிக்கொண்டிருந்தால் வயிறுதான் முறுக்கும். முதுகுத்தண்டு அடிபட்டவர்கள், புற்றுநோய் வலிக்கு மார்பின் எடுப்பவர்கள், படுக்கையில் கிடக்கும் ஆச்சிகள், தாத்தாக்கள் இவர்களுக்கெல்லாம் சில நேரம் கீழே இருந்துதான் வழி விட வேண்டும். நம் ஊரில் பிள்ளைகளுக்கு வெற்றிலைக் காம்பை விளக்கெண்ணெயில் தொட்டு வைத்த கிழவிகளுக்கு இது தெரியும். சித்த மருத்துவத்தின் முப்பத்திரண்டு புறமருத்துவத்தில் இப்படி மருந்தை உள்ளே ஏற்றுகிற ‘பீச்சு’ என்றே ஒன்று இருக்கிறது.

இதற்காக ஆளாளுக்கு இனிமா எடுக்கச் சொல்லவில்லை. உடம்பைச் சுத்தம் பண்ணுகிறேன் என்று காபித் தண்ணீர் ஏற்றுவது ஆபத்து, உயிரே போயிருக்கிறது. கடையில் விற்கிற பாஸ்பேட் இனிமா சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு ஆகவே ஆகாது. வயிறு உப்பி வாந்தியும் வந்தால், ரத்தம் போனால், வீட்டில் தொடவே கூடாது, ஆஸ்பத்திரிதான்.

தமிழ்நாடு அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் 2021-ல் வந்ததிலிருந்து நர்ஸ்கள் வீட்டுக்கே வந்து பார்க்கிறார்கள். அவர்களிடம் கூச்சப்படாமல் கேளுங்கள். இடது பக்கமாகப் படுக்கவைத்து வலது முழங்காலை மடக்குவது, வெதுவெதுப்பு பார்ப்பது, கேனை உயரத் தூக்காமல் மெதுவாக விடுவது, வயிறு இழுத்தால் உடனே நிறுத்துவது எல்லாம் பக்கத்தில் ஒருவர் நின்று சொல்லித்தந்தால் வந்துவிடும். பெற்றவருக்குச் சோறு ஊட்டுகிற கைக்கு இதில் என்ன வெட்கம்?

அந்தப் பையன் இப்போது காலண்டரில் அப்பா வெளிக்கிப் போன நாளையெல்லாம் வட்டம் போட்டு வைக்கிறான். மூன்று நாள் வட்டம் விழவில்லை என்றால் எனக்குப் போன் வந்துவிடும்.