காற்றை மாற்றினால் மட்டும் அர்மடா ஜெயித்துவிடாது

1588-இல் ஸ்பெயினின் பெரும் கடற்படையான அர்மடா இங்கிலாந்தை வென்றிருந்தால்? வரலாற்றுப் பிரியர்கள் நாலு பேர் கூடினால் இந்தக் கேள்வி எப்படியும் வந்துவிடும். பதிலும் தயாராக இருக்கும்: "அன்னிக்கு மட்டும் புயல் அடிக்காம இருந்திருந்தா உலகமே ஸ்பானிஷ் பேசியிருக்கும், வெள்ளைக்காரன் நம்ம பக்கமே வந்திருக்க மாட்டான்." இந்தப் பதிலின் இரண்டு பாதியுமே எனக்கு ஒப்புதல் இல்லை.

முதலில் புயல். கப்பல்களை அயர்லாந்துக் கரையில் அடித்து நொறுக்கிய காற்று வீசியது செப்டம்பரில். படையெடுப்பு ஆகஸ்ட் தொடக்கத்திலேயே தோற்றுவிட்டது. திட்டம் இதுதான்: லிஸ்பனிலிருந்து சுமார் 130 கப்பல்கள் ஆங்கிலக் கால்வாய் வழியாக வந்து, ஃபிளாண்டர்ஸில் (இன்றைய பெல்ஜியம் பக்கம்) காத்திருக்கும் ஸ்பானியத் தளபதி பார்மா பிரபுவின் படையைப் பத்திரமாக இங்கிலாந்தின் கென்ட் கரையில் சேர்க்க வேண்டும். கேட்கக் கச்சிதம். ஆனால் அந்தப் படை இருந்தது டன்கர்க், நியூபோர்ட் பக்கம். அங்கே கடலில் ஆழம் கிடையாது, எங்கும் மணல்திட்டு. பெரிய ஸ்பானியக் கப்பல்கள் கிட்டே போகவே முடியாது. சரி, பார்மாவின் தட்டைப் படகுகள் வெளியே வரட்டும் என்றால், ஸ்பானிய ஆட்சியை எதிர்த்துக் கிளம்பிய டச்சுக் கலகக்காரர்களின், ஆழமற்ற நீரிலும் ஓடக்கூடிய சிறு போர்க்கப்பல்கள் வாசலிலேயே காவல் நின்றன.

ஆகஸ்ட் 6 அன்று அர்மடா கலே அருகே நங்கூரமிட்டபோது டன்கர்க் வெறும் 40 கி.மீ. தூரம். அந்த 40 கி.மீ.க்குத்தான் ஸ்பெயின் மன்னன் இரண்டாம் பிலிப்பிடம் விடை இல்லை. மறுநாள் இரவு ஆங்கிலேயர்கள் 8 கப்பல்களுக்குத் தீ வைத்து மிதக்கவிட்டதும், ஸ்பானியர்கள் நங்கூரக் கயிறுகளை வெட்டிக்கொண்டு சிதறியதும் எல்லோரும் சொல்லும் கதை. அந்தத் தீக்கப்பல்கள் வராமலே இருந்திருந்தாலும் பார்மா எப்படி வெளியே வந்திருப்பார்? இதற்குப் பதில் சொல்லாத எந்தக் கற்பனை வரலாற்றையும் நான் நம்பத் தயாரில்லை.

பழியெல்லாம் அர்மடாவின் தளபதி மெதினா சிதோனியா தலையில் விழுந்தது. முதலில் தளபதியாக இருந்த அனுபவசாலி சாந்தா குரூஸ் அந்த பிப்ரவரியில் இறந்துபோக, இவரை இழுத்துவந்து உட்கார வைத்தார்கள். "எனக்குக் கடல் ஒத்துக்கொள்ளாது, இந்த வேலைக்கு நான் ஆள் இல்லை" என்ற தோரணையில் மன்னனுக்குக் கடிதமே எழுதினார் மனுஷன். அப்படிப்பட்டவர் கால்வாய் நெடுக ஆங்கிலேயரின் குண்டுகளைத் தாங்கி, அணி குலையாமல் கலே வரை கொண்டுவந்தாரே, அதை யாரும் சொல்வதில்லை. (இந்தக் கடற்படைக்காக ஆந்தலூசியாவில் ஊர் ஊராகக் கோதுமையும் எண்ணெயும் வசூலித்த அதிகாரிகளில் ஒருவர், பின்னாளில் 'டான் குயிக்ஸோட்' எழுதிய செர்வாண்டஸ். தேவாலயக் கோதுமையில் கைவைத்ததற்காகத் திருச்சபை அவரை விலக்கியே வைத்தது!)

ஸ்பெயின் ஜெயிக்க வேண்டுமென்றால் நாம் மாற்ற வேண்டியது 1588-ஐ அல்ல, 1585-ஐ. அந்த ஆகஸ்டில் கலகக்காரர்கள் வசமிருந்த ஆண்ட்வெர்ப் நகரம் பார்மாவிடம் விழுந்தது. ஷெல்ட் ஆற்றின் முகத்துவாரத்தில் பெரிய கப்பல்கள் நிற்கக்கூடிய ஃபிளிசிங்கன் துறைமுகம் விழவில்லை. டச்சுக்காரர்களுக்கு உதவுவதற்கு ஈடாக அதை இங்கிலாந்து ராணி எலிசபெத் வாங்கிக்கொண்டு ஆங்கிலப் படையை நிறுத்திவிட்டார். அதுவும் பார்மா கைக்குப் போயிருந்தால் அர்மடாவுக்கு ஒதுங்க இடம் கிடைத்திருக்கும், படையும் அதன் பீரங்கிகளின் நிழலில் கப்பலேறியிருக்கும். கரையிறங்கிவிட்டால், முற்றுகைப் போரில் அன்று பார்மாவுக்கு நிகர் இல்லை. லண்டன் தாங்கியிருக்குமா என்பது சந்தேகம்தான்.

அப்புறம்? இங்கிலாந்து ஸ்பானிஷ் பேசியிருக்கும் என்பது வேடிக்கை. எலிசபெத்துக்கு முந்தைய ராணி மேரியின் கணவனாக 1554 முதல் 1558 வரை இங்கிலாந்துக்கும் ராஜாவாக இருந்தவன் பிலிப். அந்த ஊரின் குணம் அவனுக்குத் தெரியும். அரியணையை மகள் இசபெல்லாவுக்குத் தரலாம் என்பது அவன் எண்ணம். முழு வெற்றி கிட்டாவிட்டால் என்ன கேட்க வேண்டும் என்றும் பார்மாவுக்குச் சொல்லியிருந்தான்: கத்தோலிக்கருக்கு வழிபாட்டு உரிமை, ஆங்கிலேயர் வசமுள்ள டச்சு ஊர்கள், போர்ச்செலவுக்கு ஈட்டுத்தொகை. மூன்றாவதை விட்டுக்கொடுக்கவும் தயார். கஜானா நிலைமையும் அப்படி. 1575-இல் திவால், 1596-இல் மறுபடி திவால். இடையில் 1576-இல் சம்பளம் கிடைக்காத அவன் சிப்பாய்களே ஆண்ட்வெர்ப்பைச் சூறையாடினார்கள். இவர்களை வைத்து இங்கிலாந்தை எத்தனை வருஷம் கட்டி ஆள முடியும்?

ஆங்கிலேயர்கள் கொஞ்சம் தாமதமாகவாவது கிழக்கே வந்திருப்பார்கள் என்றே நினைக்கிறேன். இங்கிலாந்தின் உதவி நின்றுபோய் உண்மையில் அழிந்திருக்கக்கூடியவர்கள் டச்சுக்காரர்கள். இங்கேதான் கதை நம் பக்கம் திரும்புகிறது. 1580 முதல் போர்த்துகலுக்கும் பிலிப்தான் ராஜா. நாகப்பட்டினம், மன்னார், கொழும்பு என்று போர்த்துகீசியர் கால்வைத்த இடமெல்லாம் அவன் கிரீடத்தின் கீழ். 1619-இல் யாழ்ப்பாண அரசைப் போர்த்துகீசியர் விழுங்கியபோது அவன் மகன்தான் ராஜா. 1658-இல் யாழ்ப்பாணத்தையும் நாகப்பட்டினத்தையும் அவர்களிடமிருந்து பறித்தது டச்சுக் கம்பெனி. டச்சுக் கலகம் 1590-களில் நசுக்கப்பட்டிருந்தால் 1602-இல் அந்தக் கம்பெனியே பிறந்திருக்காது. 1638-இல் கண்டியின் இரண்டாம் ராஜசிங்கன் டச்சுக்காரரோடு கூட்டுச் சேர்ந்தான். அவர்கள் இல்லாவிட்டால் யாரைத் தேடியிருப்பான்? தரங்கம்பாடியில் டேனிஷ்காரர்கள் இருந்தார்கள்தான், ஆனால் கொழும்புக் கோட்டையை உடைக்கும் பலம் அவர்களுக்கு ஏது?

ஆக, யாழ்ப்பாணத்தில் போர்த்துகீசிய ஆட்சி 40 ஆண்டுக்குள் முடிந்திருக்காது என்பது என் கணிப்பு. கோவாவைப் போல 1961 வரை நீண்டிருக்குமா என்றால், அதற்கு நான் பந்தயம் கட்ட மாட்டேன்.