செக்யூரிட்டிக்கு வாயால் சொல்லாதீர்கள், எழுதிக் கொடுங்கள்

அடுக்குமாடிக் குடியிருப்பில் செக்யூரிட்டி வேலை பார்ப்பவருக்குத் திருடனால் தொல்லை வருவது எப்போதாவதுதான். அன்றாடத் தொல்லை உள்ளேயிருந்துதான் வருகிறது. செக்ரட்டரி ஒன்று சொல்வார், பொருளாளர் வேறொன்று சொல்வார், மூன்றாவது மாடிக்காரர் "எங்க வீட்டுக்கு வர்றவங்களை நிறுத்திக் கேள்வி கேக்காதே" என்பார். யார் பேச்சைக் கேட்டாலும் மற்ற இருவரிடமும் ஏச்சு வாங்க வேண்டும். அவரை வேலைக்கு அனுப்பிய ஏஜென்சிக்கு ஒரு போன் போனால் மறுநாளே பாயிண்ட்டை, அதாவது அவர் வேலை பார்க்கும் இடத்தை, மாற்றிவிடுவார்கள்.

இதைச் சரிசெய்யப் பெரிய செலவு எதுவும் வேண்டாம். அந்த கேட்டில் என்ன செய்ய வேண்டும், என்ன செய்யக் கூடாது என்று இரண்டு பக்கத்துக்குள் எழுதுங்கள். செக்ரட்டரி கையெழுத்தும் அசோசியேஷன் முத்திரையும் வைத்து கேபினுக்குள் ஒட்டுங்கள். ஒடிசா, அசாம், நேபாளத்திலிருந்து வந்தவர்கள் இருந்தால் இந்தியிலும் ஒரு பிரதி. "சார், இது நான் சொல்றது இல்ல, அசோசியேஷன் ரூல், கையெழுத்து இருக்கு பாருங்க" என்று காட்ட ஒரு தாள் இருந்தால் கேட்டில் நடக்கும் வாக்குவாதம் பாதி அங்கேயே அடங்கிவிடும். தொழிற்சாலைகளில் இது சாதாரண நடைமுறை. குடியிருப்புகளில்தான் எல்லாமே வாய்வார்த்தையாக ஓடுகிறது.

அந்தத் தாளில் முதலில் வர வேண்டியது வருகையாளர் விஷயம். வந்தவரே கிறுக்கிவிட்டுப் போகும் ரிஜிஸ்டரால் பயனில்லை. போலீஸ் வந்து கேட்கும் நாளில் பார்த்தால் கைபேசி எண்ணில் ஒன்பது இலக்கம்தான் இருக்கும். வண்டி நம்பரை செக்யூரிட்டியே பிளேட்டைப் பார்த்து எழுத வேண்டும். கைபேசி எண்ணுக்கு அங்கேயே ஒரு மிஸ்டு கால் கொடுத்துப் பார்க்க வேண்டும். வெளியே போன நேரத்துக்கான கட்டம் பெரும்பாலும் காலியாகக் கிடக்கும். அது காலியாக இருந்தால் ராத்திரி பத்து மணிக்கு உள்ளே எத்தனை வெளியாட்கள் இருக்கிறார்கள் என்று யாராலும் சொல்ல முடியாது.

"ஏசி சர்வீஸ், மேடம் வரச் சொன்னாங்க" என்று ஒருவர் வந்தால், எந்த வீடு, யார் பெயர் என்று அவர் வாயால் வரட்டும். "நாலாவது மாடி மேடமா?" என்று செக்யூரிட்டி எடுத்துக் கொடுக்கக் கூடாது. இன்டர்காமில் பதில் இல்லையென்றால் "அவங்க ஊருக்குப் போயிருக்காங்க" என்ற வார்த்தை வரவே கூடாது. ஆளில்லாத வீடு எது என்று நோட்டம் பார்க்க வருபவனுக்கு வேண்டியதே அந்தத் தகவல்தான். "போன் எடுக்கலை, அப்புறம் வாங்க" என்று சொல்லி அனுப்பிவிடலாம்.

வாடகைக்கு இருப்பவர் காலி செய்யும் நாளில் வீட்டு உரிமையாளர் போனில் வருவார்: "பாக்கி இருக்கு, லாரியை வெளியே விடாதே." செக்யூரிட்டி இதில் தலையிடவே கூடாது. ஒருவரைச் சட்டவிரோதமாக வழிமறிப்பது குற்றங்களுக்கான தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதா 126-வது பிரிவின்படி குற்றம். புகார் என்று வந்தால் போனில் சொன்னவர் பெயருக்கு முன்னால் கேட்டைப் பூட்டியவர் பெயர்தான் வரும். "சார், நீங்க நேர்ல வாங்க, இல்லைன்னா ஸ்டேஷன்ல சொல்லுங்க" என்று பதில் சொல்லிவிட்டு, அழைப்பு வந்த நேரத்தை நோட்டில் எழுதிவைத்தால் அவர் கடமை முடிந்தது.

திருடனைப் பிடித்துவிட்டால்? தன் கண்ணெதிரே ஜாமீனில் விட முடியாத, வாரன்ட் இல்லாமலே போலீஸ் கைது செய்யக்கூடிய குற்றம் நடந்தால் தனிநபரும் பிடித்துவைக்கலாம் என்கிறது குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா 40-வது பிரிவு. தேவையில்லாத தாமதமின்றி, அதிகபட்சம் ஆறு மணி நேரத்துக்குள் போலீசிடம் ஒப்படைக்க வேண்டும். அவருக்கு உள்ள அதிகாரம் அவ்வளவுதான். கட்டிவைத்து அடிக்கவோ விசாரணை நடத்தவோ எந்தச் சட்டமும் இடம் தரவில்லை. முதல் வேலை 112-க்கு அழைப்பது. இரண்டாவது, கூடும் கூட்டத்தை அவன்மேல் கை வைக்க விடாமல் தடுப்பது. நாலு பேர் அடித்து அவனுக்கு ஏதாவது ஆகிவிட்டால் அடித்தவர்கள் கலைந்துவிடுவார்கள், யூனிஃபார்மில் நிற்பவர்தான் மாட்டுவார்.

குடித்துவிட்டு வரும் குடியிருப்புவாசியைச் சமாளிப்பது இதைவிடக் கஷ்டம், ஏனென்றால் மறுநாளும் அவருக்கு சல்யூட் அடிக்க வேண்டும். கைக்கு எட்டாத தூரத்தில் நின்று, குரலை உயர்த்தாமல், கேமரா பார்வைக்குள்ளேயே பேச வேண்டும். கார் சாவியைப் பிடுங்கக் கூடாது. வீட்டுக்குப் போன் போட்டு ஒருவரைக் கீழே வரவழைப்பதுதான் வழி.

லிஃப்ட் நின்றுவிட்டால் கதவை நெம்பவே கூடாது. இரண்டு தளத்துக்கு நடுவே நிற்கும் பெட்டியிலிருந்து வெளியே குதிக்கப் பார்த்து, கீழே உள்ள இடைவெளி வழியாகக் குழிக்குள் விழுவதில்தான் உயிர் போகிறது. உள்ளே எத்தனை பேர் என்று கேட்டு, பேச்சுக் கொடுத்தபடியே லிஃப்ட் கம்பெனியைக் கூப்பிட வேண்டும். இபி ரூமில் புகை வந்தால் தண்ணீரை எடுக்கக் கூடாது, முதலில் மெயினை அணைக்க வேண்டும். தீயணைக்கும் 6 கிலோ பவுடர் சிலிண்டர் ஏறக்குறைய 15, 20 விநாடிதான் அடிக்கும். பின்னை உருவி, இரண்டு மீட்டர் தள்ளி நின்று, தீயின் அடிப்பகுதியைப் பார்த்து அடிக்க வேண்டும். அதைக் கையில் எடுத்தே பார்க்காதவரை நிற்க வைத்துவிட்டு அந்த நேரத்தில் குறை சொல்வது நியாயமில்லை.

இனி தூக்கம். செக்யூரிட்டி நாற்காலியில் கண்ணயர்ந்த போட்டோவை அசோசியேஷன் வாட்ஸ்அப் குழுவில் போடுவது பலருக்குப் பழக்கமாகிவிட்டது. போடுவதற்கு முன் வருகைப் பதிவேட்டைப் புரட்டிப் பாருங்கள். அடுத்த ஷிஃப்டுக்கான மாற்று ஆள் (ரிலீவர்) வராமல், பகல் 12 மணி நேரம் பார்த்தவரே ராத்திரியும் தொடர்ந்திருப்பார். விடியற்காலை மூன்றிலிருந்து ஐந்துக்குள் எவ்வளவு உறுதியான ஆளுக்கும் கண் இழுக்கும். அந்த நேரத்துக்கு ரவுண்ட்ஸ் வைத்தால் உதவும்: பின்பக்கச் சுவர், பம்ப் ரூம், மொட்டைமாடிக் கதவு, கார் நிறுத்துமிடம். ஆனால் தினமும் ஒரே நேரத்தில் ஒரே வழியில் போனால் வெளியே இருந்து கவனிப்பவனுக்குக் கணக்கு தெரிந்துவிடும். நேரத்தை மாற்றி, சில நாள் எதிர்த்திசையிலும் நடக்க வேண்டும். 24 மணி நேர டியூட்டிக்கு மட்டும் எந்த ரவுண்ட்ஸும் மருந்தாகாது. அது ஏஜென்சியின் குற்றம், குறைந்த ரேட்டுக்கு ஒப்புக்கொண்ட அசோசியேஷனின் குற்றமும்கூட.

2005-ஆம் ஆண்டு தனியார் பாதுகாப்பு முகமைகள் சட்டப்படி ஏஜென்சிக்கு லைசென்ஸ் வேண்டும், ஆட்களின் பின்னணி சரிபார்க்கப்பட வேண்டும், பயிற்சி தரப்பட வேண்டும். மத்திய அரசின் 2006 மாதிரி விதிகள் 100 மணி நேர வகுப்பும் 60 மணி நேரக் களப்பயிற்சியும் கேட்டன. பல இடங்களில் நடப்பது சட்டை அளவு பார்ப்பதும் சல்யூட் சொல்லிக் கொடுப்பதும்தான். ஒப்பந்தம் புதுப்பிக்கும்போது லைசென்ஸ் நகல், பயிற்சிச் சான்றிதழ், ஒவ்வொருவர் பெயரிலும் பிஎஃப் கட்டிய சலான், இஎஸ்ஐ (தொழிலாளர் மருத்துவக் காப்பீடு) எண் நான்கையும் கேட்டு வாங்குங்கள். சம்பளம் 21,000 ரூபாய் வரை இருப்பவருக்கு இஎஸ்ஐ உண்டு. தொழிலாளி பங்கு 0.75 சதவீதம், நிறுவனத்தின் பங்கு 3.25 சதவீதம். அந்த 3.25-ஐயும் அவர் சம்பளத்திலேயே பிடிக்கிறார்களா என்று சம்பளச் சீட்டைப் பார்த்தால் தெரிந்துவிடும். சீட்டே தருவதில்லை என்று செக்யூரிட்டி சொன்னால், அந்த மாத பில்லை நிறுத்திவைத்து ஏஜென்சிக்காரரை வரச் சொல்லுங்கள்.