கெமிஸ்ட் ரிப்போர்ட் வரும்வரை உள்ளேயே

மலேசியாவில், சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டத்தில் ஒரு பையனைப் பாலாய்க்கு (போலீஸ் நிலையத்துக்கு) கொண்டுபோனால் குடும்பம் எண்ண ஆரம்பிப்பது 24 மணி நேரத்தை. அதற்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும் என்று கூட்டரசு அரசியலமைப்பின் 5-ஆவது பிரிவு சொல்கிறது. ரிமாண்டுக்கும் கணக்கு இருக்கிறது. 14 ஆண்டுக்குக் குறைவான சிறை கிடைக்கக்கூடிய குற்றம் என்றால் முதலில் 4 நாள், அடுத்து 3 நாள். அதைவிடப் பெரியது என்றால் 7, மறுபடி 7. அத்தோடு கணக்கு தீர்ந்தது. குற்றம் சாட்டிய பிறகு எத்தனை மாதத்தில் தீர்ப்பு வர வேண்டும் என்பதற்கு அரசியலமைப்பில் ஓர் எண் கிடையாது. என் கோபமெல்லாம் இந்த இடத்தில்தான்.

போதைப்பொருள் வழக்கைப் பாருங்கள். பிடிபட்ட பொட்டலத்தை பாலாயில் நிறுக்கிறார்கள். 20 கிராம் என்று வைத்துக்கொள்வோம். ஹெரோயின் 15 கிராமோ அதற்கு மேலோ இருந்தால் கடத்தல் என்றே சட்டம் அனுமானிக்கும் (கஞ்சாவுக்கு அது 200 கிராம்). ஆக அபாயகரமான போதைப்பொருள் சட்டத்தின் 39பி, அதாவது கடத்தல் பிரிவு, பாய்கிறது. மரண தண்டனை கட்டாயம் என்ற நிலை 2023-இல் போனது, ஆனாலும் தூக்கோ ஆயுள் சிறையோ இன்னும் தலைக்கு மேல் நிற்கிறது. மாஜிஸ்திரேட் கோர்ட்டில் குற்றச்சாட்டை வாசிப்பார்கள், ஒப்புக்கொள்கிறாயா என்று கேட்க மாட்டார்கள், ஏனென்றால் விசாரிக்கும் அதிகாரம் ஹை கோர்ட்டுக்குத்தான். கெமிஸ்ட் ரிப்போர்ட்டும் (பிடிபட்ட பொருளைச் சோதித்த வேதியியலாளரின் அறிக்கை) அரசு தரப்பின் ஒப்புதலும் வந்தால்தான் கேஸ் மேலே ஏறும். அதுவரை செபுத்தான் (வழக்கின் நிலையைக் கேட்க மட்டும் கோர்ட்டில் கூப்பிடும் நாள்), தள்ளிவைப்பு, மறுபடி செபுத்தான்.

கெமிஸ்ட் பிளாஸ்டிக்கை நிறுப்பதில்லை. உள்ளே இருக்கும் தூளில் சுத்தமான ஹெரோயின் எவ்வளவு என்று பார்ப்பார். 20 கிராம் பொட்டலத்தில் அது 15-க்குக் கீழே இறங்கினால் எடையை வைத்துச் செய்த அனுமானம் விழுந்துவிடும், குற்றச்சாட்டும் இறங்க வழி பிறக்கும். ஆனால் அந்தத் தாள் வரும்வரை அதே சட்டத்தின் 41பி பிரிவின்படி ஜாமின் கிடையாது. நீதிபதி மனம் வைத்தாலும் முடியாது. ஒரு தாளின் தாமதத்துக்கு ஒரு மனிதன் கம்பிக்குள் விலை கொடுப்பதை நீதி என்று என்னால் சொல்ல முடியவில்லை.

சின்ன வழக்கில் ஜாமின் உண்டு, பணம்தான் இருக்காது. சில ஆயிரம் வெள்ளி (ரிங்கிட்) புரட்ட முடியாமல் உள்ளே கிடப்பவன், சீக்கிரம் வெளியே வரலாம் என்று செய்யாததையும் ஒப்புக்கொள்ளத் துணிகிறான். அதே சட்டத்தின் 15(1)-இல், அதாவது போதைப்பொருள் உட்கொண்ட குற்றத்தில், ஒப்புக்கொண்டால் அபராதமோ சிறையோ முடிந்த பின்னும் குறைந்தது 2 ஆண்டு கண்காணிப்பு உண்டு. குற்றப் பதிவும் கூடவே வரும். வீட்டில் இதை யாரும் விளக்கிச் சொல்வதில்லை.

இந்தியாவில் பெரும்பாலான குற்றங்களில் 60 அல்லது 90 நாளுக்குள் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்யாவிட்டால் ஜாமின் உரிமையாகிவிடும். கெமிஸ்ட் ரிப்போர்ட்டுக்கு இங்கும் அப்படி ஒரு கெடு வேண்டும், கெடு தாண்டினால் ஜாமின் மனுவைக் கேட்கும் அதிகாரம் நீதிபதிக்குத் திரும்ப வேண்டும்.

அது வரும்வரை குடும்பம் செய்யக்கூடியது கொஞ்சம் உண்டு. மரண தண்டனைக் குற்றத்துக்குக் கோர்ட்டே லாயர் வைக்கும். மற்றதற்கு தேசிய சட்ட உதவி அறவாரியத்தைக் கேளுங்கள். தள்ளிவைப்பு நீண்டுகொண்டே போனால் டிஎன்ஏஏ (குற்றமற்றவர் என்று தீர்ப்பளிக்காமல் வழக்கிலிருந்து விடுவிப்பது) கேட்கலாமா என்று லாயரிடம் பேசுங்கள், ஆனால் அது முழு விடுதலை இல்லை, அதே குற்றத்துக்கு மறுபடி குற்றம் சாட்டலாம். சிறைத் தண்டனை தீர்ப்பு நாளிலிருந்துதான் ஓடும். கைதான நாளிலிருந்து எண்ண நீதிபதி உத்தரவிடலாம், அதைக் கேட்டு வாங்க வேண்டும். அதனால் கைதான தேதி, ஒவ்வொரு செபுத்தான் தேதி, அன்றைக்குச் சொன்ன காரணம் எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதி லாயர் கையில் கொடுத்துவிடுங்கள்.