முகூர்த்தத்துக்கு மூன்று மாதம், கையில் ஒரு ஊசி

மன்னார்குடி பக்கம் ஒரு சின்ன ஊரில் மெடிக்கலில் மருந்தாளுநராக இருக்கிறேன். தை, ஆவணி என்று முகூர்த்த மாதங்கள் நெருங்கினாலே முகத்துக்குப் பூசும் கிரீம்களைத்தான் அதிகம் கேட்பார்கள். இப்போது அதோடு இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. கடையில் ஆள் குறைகிற நேரமாகப் பார்த்து வந்து, குரலைத் தாழ்த்தி, "அக்கா, அந்த எடை குறையுற ஊசி இருக்கா?" என்று கேட்கிறார்கள். சுகர் இருக்கிறதா என்று கேட்டால், "ச்சே ச்சே, அதெல்லாம் இல்லைக்கா, கல்யாணத்துக்குத்தான்" என்பார்கள்.

கல்யாணத்துக்காக இந்த ஊசி வேண்டாம் என்று சொல்லத்தான் இந்தப் பதிவு. ஆனால் "சுகர் மருந்தை சுகர் இல்லாதவர் தொடவே கூடாது" என்று வாட்ஸ்அப்பில் சுற்றுகிற பயமுறுத்தலோடு எனக்கு உடன்பாடு இல்லை. அது உண்மையும் இல்லை.

இந்த ஊசியில் இருக்கும் செமாக்ளூடைடு என்ற மருந்து சர்க்கரை நோய்க்காக வந்ததுதான். ஓசெம்பிக் என்ற பெயரில் அமெரிக்காவில் 2017 டிசம்பரில் அனுமதி கிடைத்தது. சாப்பிட்டதும் நம் குடலில் சுரக்கிற ஒரு ஹார்மோனைப் போலவே இது வேலை செய்யும். உடம்பில் ஊறுகிற அந்த ஹார்மோன் சில நிமிடங்களில் சிதைந்துவிடும். இந்த மருந்தோ பாதியளவு குறையவே ஏறத்தாழ ஒரு வாரம் ஆகும், அதனால்தான் வாரத்துக்கு ஒரு ஊசி. இரைப்பை மெதுவாகக் காலியாகிறது, மூளைக்குப் 'போதும்' என்ற செய்தி சீக்கிரம் போகிறது, பசி அடங்குகிறது. சுகர்காரர்களுக்கு எடையும் இறங்குவதைப் பார்த்த பிறகு, அதே மருந்தைக் கூடுதல் அளவில் வெகோவி என்ற பெயரில் எடைக் குறைப்புக்கென்றே 2021 ஜூனில் அனுமதித்தார்கள். நம் நாட்டுக்கு மௌன்ஜாரோ 2025 மார்ச்சிலும், வெகோவி அதே வருடம் ஜூனிலும் வந்தன. மௌன்ஜாரோவில் இருப்பது டிர்செபடைடு, அது வேறு மருந்து, வேலை ஏறக்குறைய இதுதான்.

ஆக, சுகர் இல்லாதவர்களுக்கும் இது முறைப்படி உண்டு. உயரத்துக்கு எடை எவ்வளவு என்று சொல்கிற பிஎம்ஐ கணக்கு 30-க்கு மேல் இருந்தாலோ, 27-க்கு மேல் இருந்து கூடவே ரத்த அழுத்தம் மாதிரி எடையால் வந்த தொல்லை ஏதாவது இருந்தாலோ கொடுக்கலாம். பலனும் சும்மா சொல்லிவிடக் கூடியது இல்லை. சுகர் இல்லாத, எடை கூடிய 1,961 பேரை வைத்து நடந்த ஆய்வில் 68 வாரத்தில் சராசரியாக 14.9 சதவீத எடை இறங்கியது, வெற்று ஊசி போட்டவர்களுக்கு 2.4 சதவீதம். இதய நோய் இருந்து, எடை கூடி, சுகர் இல்லாத 17,604 பேரிடம் நடந்த இன்னொரு ஆய்வின் முடிவு 2023-இல் வந்தது. மாரடைப்பு, பக்கவாதம், இதயத்தால் வரும் மரணம் மூன்றும் சேர்ந்து 20 சதவீதம் குறைந்தன. எங்கள் கடைக்கு ஒரு பெரியவர் டாக்டர் சீட்டோடு வருகிறார். நூறு கிலோவைத் தாண்டிய உடம்பு, முட்டி தேய்ந்துவிட்டது, ராத்திரி மூச்சு முட்டி எழுந்து உட்காருவார். அவரைப் பார்த்து "நாலு எட்டு நடந்தா சரியாயிடும்" என்று சொல்கிறவர்கள் முதலில் அவர் முட்டியோடு நாலு எட்டு நடந்து பார்க்கட்டும். அவருக்கு இது மருந்து. அதில் எனக்கு இரண்டாவது பேச்சே இல்லை.

என் பேச்சு கல்யாணப் பெண்களைப் பற்றி. சில மாப்பிள்ளைகளும் உண்டு, ஆனால் அவர்கள் அம்மாவை விட்டுத்தான் கேட்கச் சொல்கிறார்கள்!

முதலில் கணக்கையே பார்ப்போம். இந்த ஊசியை எடுத்த எடுப்பில் முழு அளவில் போட முடியாது, போட்டால் வாந்தியில் படுத்துவிடுவோம். 0.25 மில்லிகிராமில் ஆரம்பித்து, நான்கு வாரத்துக்கு ஒருமுறை 0.5, 1, 1.7 என்று ஏற்றி 2.4-க்குப் போக வேண்டும். முழு அளவைத் தொடவே 16 வாரம். நிச்சயதார்த்தம் முடிந்து மூன்று மாதத்தில் கல்யாணம் என்றால், மருந்து தன் வேலையைச் சரியாகக் காட்ட ஆரம்பிக்கும் முன்பே பெண் மணையில் உட்கார்ந்திருப்பாள். ஆய்வில் வந்த அந்த 14.9 சதவீதம் 68 வாரத்தில் கிடைத்தது. இன்ஸ்டாகிராமில் அந்த 68-ஐ யாரும் சொல்வதில்லை. அதற்குள் குமட்டல், மலச்சிக்கல், வயிற்றுப்போக்கு என்று ஒவ்வொன்றாக வரும். சிலருக்குப் பித்தப்பைக் கல், அபூர்வமாகக் கணைய வீக்கம். வேகமாக இளைக்கும்போது முடியும் கொட்டும். கல்யாணத்துக்கு முன்னால் முடி கொட்டுவதைப் பற்றி நான் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

சரி, கல்யாணம் முடிந்தது, ஊசியை நிறுத்தியாகிவிட்டது. பிறகு? அதே ஆய்வில் இருந்தவர்களில் ஒரு பகுதியினரை மருந்தை நிறுத்தி ஒரு வருடம் கழித்துப் பார்த்தபோது, இழந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பி வந்திருந்தது. இளைக்கும்போது கொழுப்போடு தசையும் கரைகிறது. திரும்ப ஏறும்போது போன தசை அப்படியே திரும்பும் என்று சொல்ல முடியாது. நம் பக்கத்து சாப்பாட்டில் சோறுதான் ராஜா, பருப்பும் முட்டையும் மீனும் ஓரமாக நிற்கும். பசியே இல்லாத ஒரு பெண் நாலு வாய் ரசஞ்சோற்றோடு எழுந்துவிட்டால் தசைக்கு எங்கிருந்து சத்து வரும்? ரத்த அழுத்த மாத்திரையை நிறுத்தினால் அழுத்தம் ஏறுகிற மாதிரிதான் இதுவும். தொடர்ந்து போட வேண்டிய மருந்தை மூன்று மாத ஒப்பந்தமாக நினைப்பதில்தான் தப்பு இருக்கிறது.

இதைவிட எனக்குக் கவலை தருவது வேறு. நம் ஊரில் கல்யாணமான மூன்றாம் மாதமே "என்ன, விசேஷம் எதுவும் உண்டா?" என்று எதிர்வீட்டு அத்தை கேட்பார். செமாக்ளூடைடு போடுகிறவர்கள் கருத்தரிக்க நினைத்தால் குறைந்தது இரண்டு மாதம் முன்பே நிறுத்திவிட வேண்டும். உடம்பிலிருந்து அது முழுதாக வெளியேற அவ்வளவு நாள் எடுக்கும். முகூர்த்தத்துக்கு முந்தின வாரம் வரை ஊசி போட்ட பெண்ணிடம் இதை யார் சொல்கிறார்கள்? மௌன்ஜாரோவில் இன்னொரு சிக்கலும் உண்டு. வாய்வழிக் கருத்தடை மாத்திரை சரியாக வேலை செய்யாமல் போகலாம். ஆரம்பித்த நான்கு வாரமும், ஒவ்வொரு தடவை அளவை ஏற்றிய பிறகு நான்கு வாரமும், ஆணுறை மாதிரி வேறு ஏற்பாடும் வேண்டும். பிசிஓடி, அதாவது சினைப்பை நீர்க்கட்டி, இருக்கிற பெண்களுக்கு எடை கொஞ்சம் இறங்கினாலே நின்றிருந்த கருமுட்டை வெளியேற்றம் திரும்பத் தொடங்கலாம், அதனால் "எனக்குத்தான் மாதவிடாயே ஒழுங்காக வராதே" என்ற நம்பிக்கையும் உதவாது. ரகசியமாகப் போடுகிற ஊசி என்பதால் புது மாப்பிள்ளைக்கும் தெரியாது, மாமியாருக்கும் தெரியாது, பிறகு போய்ப் பார்க்கிற மகப்பேறு டாக்டருக்கும் தெரியாது.

ஊசிக்குக் காசில்லாதவர்கள் என்ன செய்கிறார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் அம்மாவுக்கோ பாட்டிக்கோ வீட்டுக்கே சுகர் மாத்திரை வருகிறது. நல்ல திட்டம், எத்தனையோ வயசானவர்கள் ஆஸ்பத்திரி வாசலில் காத்திருக்காமல் பிழைக்கிறார்கள். அந்த மாத்திரையில் இரண்டை எடுத்துப் போட்டுக்கொள்கிற பேத்திகள் இருக்கிறார்கள். சுகர் வந்தவர்கள் இளைத்துப்போவதைப் பார்த்து வளர்ந்ததால், மாத்திரைதான் இளைக்க வைக்கிறது என்ற நினைப்பு. இளைக்க வைத்தது கட்டுப்படாத சர்க்கரை, மாத்திரை இல்லை. மெட்ஃபார்மின் என்ற சுகர் மாத்திரையால் கொஞ்சம் எடை குறையும், உண்மைதான். 2002-இல் வெளியான ஒரு பெரிய அமெரிக்க ஆய்வில், சுகர் வரும் நிலையில் இருந்தவர்களுக்குச் சராசரியாக 2.1 கிலோ குறைந்தது. அதே ஆய்வில் சாப்பாட்டையும் நடையையும் சரிசெய்தவர்களுக்கு 5.6 கிலோ. ஆனால் பாட்டிக்கு வருவது மெட்ஃபார்மின் மட்டும்தானா? கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு வகை மாத்திரையாக இருந்தால் சுகர் இல்லாத பேத்திக்கு ரத்தச் சர்க்கரை தாழ்ந்து கைகால் நடுங்கி மயங்கி விழுவாள். கூத்து என்னவென்றால், அந்த மாத்திரைகள் எடையைக் கூட்டும்! தாத்தாவுக்காக ஃபிரிட்ஜில் இருக்கும் இன்சுலினைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். அதுவும் எடையைக் கூட்டும், சுகர் இல்லாதவர் போட்டால் உயிரே போகலாம்.

அப்புறம் வெளிநாட்டுப் பெட்டி. கூத்தாநல்லூர், அதிராம்பட்டினம், மன்னார்குடி என்று நம் பக்கத்தில் சிங்கப்பூரிலோ வளைகுடாவிலோ ஆள் இல்லாத தெரு குறைவு. "சித்தப்பா துபாய்லேர்ந்து பேனா கொண்டாந்தாரு, எப்படிப் போடறதுன்னு மட்டும் சொல்லுங்கக்கா" என்று வருகிறார்கள். பேனா என்பது இந்த மருந்தை அடைத்து வைத்த, பேனா வடிவ ஊசிதான். திறக்காத பேனா 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். பயன்படுத்தத் தொடங்கிய பிறகும் 30 டிகிரியைத் தாண்டக் கூடாது. திருச்சி ஏர்போர்ட்டிலிருந்து கத்திரி வெயிலில் கார் டிக்கியில் வந்த பேனாவுக்குள் என்ன மிச்சம் இருக்கும் என்று அதைச் செய்த கம்பெனியாலேயே சொல்ல முடியாது. போலியும் வேறு. ஓசெம்பிக் பெயரில் போலி மருந்து பிடிபட்டதாக உலக சுகாதார நிறுவனமே 2024 ஜூனில் எச்சரித்தது. இதிலும் மோசம், அக்கா தங்கை இரண்டு பேரும் ஒரே பேனாவைப் பங்கு போட்டுக்கொள்வது. "ஊசி முனையை மாத்திக்கிறோமே" என்கிறார்கள். முனையை மாற்றினாலும் ரத்தம் பேனாவுக்குள் பின்னேறியிருக்கலாம். மஞ்சள் காமாலைக் கிருமியும் எச்ஐவியும் உறவு முறை பார்க்காது.

விலைதான் இதுவரை ஒரு தடையாக இருந்தது. மௌன்ஜாரோ இந்தியாவுக்கு வந்தபோது மிகக் குறைந்த அளவே ஒரு குப்பி 3,500 ரூபாய், மாதத்துக்கு 14,000. நடவுக்குக் கூலி கொடுத்துவிட்டு மேட்டூர் தண்ணீரை எதிர்பார்த்து நிற்கிற வீட்டில் யார் அவ்வளவு கொடுப்பார்கள்? ஆனால் செமாக்ளூடைடுக்கு இந்தியாவில் காப்புரிமை 2026 மார்ச் வரைதான். அதன்பின் உள்நாட்டுக் கம்பெனிகளும் அதைச் செய்து விற்கலாம், விலை சரியும். சுகர்காரர்களுக்கும் எங்கள் பெரியவருக்கும் அது நல்ல செய்தி, அரசு ஆஸ்பத்திரியிலேயே தேவைப்பட்டவர்களுக்குக் கொடுக்கிற நாள் வந்தால் நான் முதல் ஆளாகக் கைதட்டுவேன். அதே விலைக் குறைவுதான் முகூர்த்தக் கூட்டத்தையும் கவுண்டருக்குக் கொண்டுவரும். வெளிநாட்டில் இப்படி அழகுக்காக வாங்கிக் குவித்த காலத்தில்தான் சுகர்காரர்களுக்கே மருந்து கிடைக்காமல் தட்டுப்பாடு வந்தது.

பெண்களை மட்டும் குறை சொல்லி முடிக்க எனக்கு மனம் வரவில்லை. 62 கிலோ பெண்ணைப் பார்த்து "கொஞ்சம் பூசினாப்ல இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போகிற மாப்பிள்ளை வீட்டாருக்கு எந்த டாக்டரும் சீட்டு எழுதுவதில்லை. அந்தப் பையனுக்கு முதலில் இடுப்பில் டேப் வைத்துப் பார்க்கச் சொல்ல வேண்டும். ஆணுக்கு 90 சென்டிமீட்டர், பெண்ணுக்கு 80, அதைத் தாண்டினால் நம் இந்திய உடம்புக்கு ஆபத்துக் கணக்கு ஆரம்பம். கை கால் ஒல்லியாக இருந்து தொப்பை மட்டும் முன்னால் வந்தவருக்கும் சேர்த்துத்தான் இது.

"வர்ற வியாபாரத்தைக் கெடுக்காதேம்மா" என்று தொழிலில் மூத்த ஒருவர் சொன்னார். சீட்டில்லாமல் விற்கக் கூடாத மருந்து இது, அண்ணே, இதில் கெடுக்க என்ன வியாபாரம் இருக்கிறது என்றேன். உண்மையிலேயே தேவை என்று நினைக்கிறவர்கள் டாக்டரிடம் போங்கள். கழுத்து வீக்கம் இருந்தால், குடும்பத்தில் யாருக்காவது தைராய்டு புற்றுநோய் இருந்திருந்தால், கணையத் தொந்தரவு வந்திருந்தால், குழந்தைக்குத் திட்டமிருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். ஏதாவது ஆபரேஷன் என்றால் இந்த ஊசி போடுவதை மயக்க மருந்து டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள், பட்டினி கிடந்தாலும் இரைப்பை காலியாகியிருக்காது. சீட்டு எழுதிக் கொடுத்தால் கொண்டு வாருங்கள், போடும் முறையை உட்கார வைத்துச் சொல்லித் தருகிறேன். வரும்போது ஒரு ஐஸ் பையும் எடுத்து வாருங்கள், வெயில் நேரத்தில் பஸ்ஸில் கொண்டு போக வேண்டியிருக்கும்.