தண்ணி என்னைக்கு வரும்னு தெரிஞ்சா போதும்

போன வாரம் பாளையங்கோட்டையில் ஒரு மறுவீட்டுப் பந்தி. பக்கத்து இலையில் உட்கார்ந்திருந்த பெரியவர், சொதிக்குக் கையைக் காட்டிக்கொண்டே சொன்னார்: "சனம் பெருகிப்போச்சும்மா. இத்தனை வாய்க்கு எங்கிட்டு இருந்து சோறு போட, எங்கிட்டு இருந்து தண்ணி குடுக்க? வருங்காலத்துல ஒண்ணும் மிஞ்சாது." எதிர் வரிசையில் இருந்தவர்களும் தலையை ஆட்டினார்கள். பந்தியில் வைத்து வாதம் பண்ண மனசில்லாமல் சாப்பிட்டுவிட்டு எழுந்துவிட்டேன். ஆனால் நாலு நாளாக அந்தப் பேச்சு என்னை விடவில்லை.

அவர் கவலையில் நியாயம் இருக்கிறது. 1950-ல் உலகத்தில் 250 கோடிப் பேர். 2022 நவம்பரில் 800 கோடி ஆகிவிட்டோம். ஐ.நா. 2024-ல் சொன்ன கணக்குப்படி 2080-களின் நடுவில் 1,030 கோடி வரைக்கும் போய், அதற்குப் பிறகு மெல்ல இறங்கும். அத்தனை பேருக்கும் சோறு வேண்டும், தண்ணி வேண்டும், ஆறும் மண்ணும் அடுத்த தலைமுறைக்கு மிஞ்சவும் வேண்டும். சின்னக் காரியம் இல்லை.

ஆனால் வாய் கூடிப்போனதுதான் முழுக் காரணம் என்றால் எனக்கு ஒப்பவில்லை. 2022-ல் உலகம் வீணாக்கிய உணவு 105 கோடி டன். அதற்கு அடுத்த ஆண்டு பசியோடு இருந்தவர்கள் ஏறத்தாழ 73 கோடிப் பேர். இல்லாத குறை மட்டும் என்றால் இந்த இரண்டு கணக்கும் ஒரே உலகத்தில் எப்படி இருக்க முடியும்?

எனக்கு இதைப் புரியவைத்தது எங்க சித்தப்பாவின் வயல். ஸ்ரீவைகுண்டம் தென்கால் என்கிற வாய்க்காலில், தண்ணி கடைசியாக வந்து சேருகிற கடைமடைப் பக்கம், வாழைக்கு நடுவே ஒன்றரை ஏக்கர் நெல். தாமிரபரணியில் மேலே கோடைமேலழகியானில் ஆரம்பித்து வரிசையாக எட்டு அணைக்கட்டு. எட்டாவது, கடைசி, ஸ்ரீவைகுண்டம். அதிலிருந்து பிரிகிற காலில், அதன் குளத்தில், அந்தக் குளத்து மடையில், கடைசியாக நனைகிற வயல்களில் ஒன்று எங்களுடையது. எட்டுக்கும் சேர்த்து 86,107 ஏக்கர் பாசனம் என்று ஏட்டில் இருக்கும். அந்த எண்ணின் வால் பக்கத்தில் ஒன்றரை ஏக்கர் நாங்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சின்ன வயசில் பிசானம் என்கிற நெல் போகத்துக்குத் தண்ணி விடுகிற ராத்திரி சித்தப்பாவோடு வரப்பில் போய் உட்காருவேன். மம்பட்டியைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு துண்டை விரித்துப் படுத்திருப்பார். "சித்தப்பா, வந்துட்டா?" என்று கேட்டுக்கொண்டே இருப்பேன். "ஏட்டி, தண்ணி வந்தா அதுவே சத்தம் போடும். நீ பேசாம கண்ண மூடு" என்பார். வாய்க்காலில் காய்ந்து கிடக்கிற சருகுதான் முதலில் சத்தம் போடும். அப்புறம் நுரை. அதற்குப் பின்னால் தண்ணி, இருட்டில் ஊர்ந்து வரும். அவர் எழுந்து, வயலுக்குள் தண்ணி நுழைகிற வாமடையை ஒரே வெட்டில் திறப்பார். வயல் நிரம்பி வரப்பு வழிகிற வரைக்கும் மூட மாட்டார். அடுத்த தண்ணி எட்டு நாளிலா, இருபது நாளிலா? யாருக்கும் தெரியாது. தெரியாதவன் நிரப்பத்தான் செய்வான்.

ஒரு கிலோ நெல்லுக்குச் சராசரி 2,500 லிட்டர் தண்ணி என்று நெல் ஆராய்ச்சிக்காரர்கள் சொல்கிறார்கள். அதைக் குறைக்கிற வழி புதுசு இல்லை. காய்ச்சலும் பாய்ச்சலும் என்று நம் ஊரிலேயே பேர் இருக்கிறது. வயலில் எப்போதும் தண்ணி கட்டி நிறுத்தாமல், மண் மயிரிழை வெடிப்பு விட்டதும் மறுபடி பாய்ச்சுவது. ஒற்றை நாற்றாக, பதினாலு நாள் நாற்றாக, கால் மீட்டர் இடைவெளி விட்டு நடுகிற திருந்திய நெல் சாகுபடியைத் தாமிரபரணிப் பாசனத்தில் 2003 வாக்கிலேயே விவசாயிகளின் வயலில் செய்து காட்டினார்கள். விதை ஏக்கருக்கு இரண்டு மூன்று கிலோ போதும்.

சித்தப்பாவும் ஒரு பிசானத்தில் இறங்கிப் பார்த்தார். அம்பை 16. அம்பாசமுத்திரம் ஆராய்ச்சி நிலையம் 1986-ல் விட்ட ரகம், எங்க பக்கம் இட்லிக்கு இதுதான். நட்ட அன்றைக்கு வயலைப் பார்த்தால் நடாத மாதிரியே இருந்தது. அங்கொன்று இங்கொன்றாகப் பச்சை ஊசி. சித்தி அழாத குறை. நாற்பது நாள் கழித்து ஒற்றை நாற்று விட்ட தூரை எண்ணினேன், முப்பத்தெட்டு. நாற்றை நட்டுக் கொடுத்த அக்காமாரும் வந்து எண்ணிப் பார்த்தார்கள்.

ஆனால் அந்தப் பிசானத்தில் அவரால் முழுசாகக் காயவிட முடியவில்லை. மண் வெடிக்க ஆரம்பித்ததும் பயம் வந்துவிட்டது. இன்றைக்கு விட்டால் அப்புறம் கிடைக்காதோ என்று கிடைத்த தண்ணியை எல்லாம் கட்டினார். முறை தெரியும், அதன் பலனையும் கண்ணால் பார்த்தாகிவிட்டது. அடுத்த தண்ணி என்னைக்கு என்பது மட்டும் தெரியாது. சிக்கனமாக இரு என்று அவருக்குப் பாடம் எடுக்க வருகிறவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும்.

இதே கதை எங்க அம்மா வீட்டு அடுக்களையிலும் நடக்கிறது. குழாயில் நாலு நாளைக்கு ஒரு தடவை தண்ணி, நேரம் நிலையில்லை. அதனால் குழாயை மூடுவதே கிடையாது, வந்தால் சத்தம் கேட்கட்டும் என்று திறந்தே கிடக்கும். வந்ததும் குடம், சருவம், வாளி, குக்கர் என்று பதினேழு பாத்திரம் நிறையும். நாலாம் நாள் புதுத் தண்ணி வந்ததும் மிச்சம் இருக்கிற பழசு முருங்கை மூட்டுக்குப் போகும். தெருவில் அறுபது வீடு இருக்கிறது, எல்லா வீட்டு வழக்கமும் இதுதான். மேலே இருந்து பார்க்கிற அதிகாரிக்கு இது மக்களின் ஊதாரித்தனம் மாதிரித் தெரியும். தினமும் காலை ஆறு மணிக்கு அரை மணி நேரம் வரும் என்று உறுதியாகத் தெரிந்தால் அம்மா இரண்டு குடத்தோடு நிறுத்திக்கொள்வாள். எனக்கு இதில் சந்தேகமே இல்லை.

சனத்தொகைக்கு வருகிறேன். எங்க ஆச்சி பெற்றது ஒன்பது, தங்கியது ஐந்து. எத்தனை தங்கும் என்று தெரியாத காலத்தில் ஒன்பது பெற்றாள். அம்மாவுக்கு மூன்று, எனக்கு ஒன்று. யாரும் எங்களை மிரட்டிக் குறைக்கச் சொல்லவில்லை. தடுப்பூசி வந்தது, பக்கத்தில் ஆரம்ப சுகாதார நிலையம் வந்தது. 1956-ல் காமராஜர் எட்டயபுரத்தில் தொடங்கி வைத்த மதிய உணவு வந்தது, பெண்பிள்ளைகள் பள்ளிக்கூடம் போனார்கள். பெற்ற பிள்ளை பிழைக்கும் என்று நம்பிக்கை வந்தபிறகு பெறுவது தானாகக் குறைந்தது. 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்கு 1.8 குழந்தை. அந்தப் பெரியவர் பயந்த பெருக்கத்துக்கு நாம் கடிவாளம் போட்டே பல வருஷம் ஆகிறது. ரேஷன் கடையும் அப்படித்தான். மாசம் பிறந்தால் அரிசி உண்டு என்று தெரிந்த வீட்டில் யாரும் மூட்டை மூட்டையாகப் பதுக்குவதில்லை.

அடிப்படைத் தேவையைக் குறைத்துக் கொடுத்தால் மக்கள் சிக்கனமாக இருப்பார்கள் என்று நினைப்பது தலைகீழ் பாடம். நாளைக்கும் உண்டு என்ற உறுதியை முதலில் கொடுக்க வேண்டும். அதுவும் கடைமடையில் இருக்கிறவனுக்கு முதலில். அவனுக்குப் போய்ச் சேர்ந்தது என்றால் நடுவில் இருக்கிற எல்லாருக்கும் சேர்ந்துவிட்டது என்று அர்த்தம்.

உறுதி கொடுத்தால் மட்டும் போதுமா என்று கேட்பீர்கள். போதாது. தலைமடைப் பக்கம் தண்ணிக்குப் பஞ்சமில்லாத வருஷத்தில் ராத்திரி பகலாக மடை திறந்தே கிடப்பதையும் பார்த்திருக்கிறேன். திறக்க ஒருத்தர் வேண்டும், மூடவும் ஒருத்தர் வேண்டும். முன்னே மடைக்குடும்பர் அந்த வேலையைப் பார்த்தார். அறுப்பு முடிந்ததும் களத்திலேயே அவருக்கு நெல் அளந்துவிடுவார்கள், அவர் மூடிய மடையைப் பண்ணையாராலும் திறக்க முடியாது என்பார்கள். பழைய ஏற்பாட்டைப் புகழ்ந்து நிறுத்திக்கொள்ள எனக்கு மனசு வரவில்லை. ஊர் வயலுக்கெல்லாம் தண்ணி பங்கு வைத்தவருக்கு அந்த ஆயக்கட்டில் பெரும்பாலும் சொந்த வயல் கிடையாது. அந்த வேலையின் மதிப்பு திரும்ப வரட்டும், அந்த அநியாயம் திரும்ப வேண்டாம்.

இந்த ஆற்றுப் பக்கம் சிவகளையில் ஒரு தாழிக்குள் கிடைத்த நெல்லின் காலம் கி.மு. 1155 என்று 2021-ல் சொன்னார்கள். 3,000 வருஷத்துக்கு மேலாக ஓர் ஆறு சோறு போட்டு வந்திருக்கிறது. அதில்தான் இப்போது நெல்லையின் சாக்கடையைக் கலக்கிறோம், கொஞ்சம் கீழே உறைகிணறு போட்டு அதையே குடிக்கிறோம். குளத்து மேல் கட்டடம் கட்டினோம். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மழை கொட்டியபோது தண்ணிக்குப் போக இடமில்லை. அன்றைக்குக் கடம்பாகுளத்துப் பக்கம் எங்க சொந்தக்காரர்கள் மொட்டை மாடியில் இரண்டு நாள் இருந்தார்கள். அதைத் தனியாகத்தான் எழுத வேண்டும்.

நடக்கக்கூடிய காரியம் ஒன்றை மட்டும் சொல்கிறேன், ஏனென்றால் நடந்ததைப் பார்த்தவள். எங்க மடைக்கு லஸ்கராக, அதாவது தண்ணி திறந்து மூடுகிற அரசு ஊழியராக இருந்த அண்ணாச்சி ஒருவர், இரண்டு பிசானம், விவசாயிகளின் வாட்ஸப்பில் குரல் பதிவு போட்டார். "நாளைக்கழிச்சு நம்ம மடை. வெள்ளிக்கிழம சாயங்காலம் அடைப்பு." அவ்வளவுதான். அதற்குக் காசும் ஆகவில்லை, திட்டமும் தேவைப்படவில்லை. அந்த இரண்டு பிசானமும் சித்தப்பா தைரியமாக வயலைக் காயவிட்டார், வெடிப்பில் சுண்டுவிரலை விட்டுப் பார்த்துவிட்டுத்தான் வாமடையை வெட்டினார். எங்களுக்குக் கீழே இருந்த நாலு வயலுக்கும் தண்ணி போனது. முன்னே அது போனதை நான் பார்த்ததில்லை.

அண்ணாச்சி ஓய்வு பெற்றுவிட்டார். அந்த இடத்துக்கு ஆள் போடவில்லை, குரூப்பில் காலை வணக்கப் படம் மட்டும் வருகிறது. இந்த வருஷம் சித்தப்பா மறுபடி வரப்பு வழிய வழியக் கட்டுகிறார். அவரைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை.

நேற்று ராத்திரி ஃபோன் பண்ணினார். உடம்பு எப்படி, பிள்ளை எப்படி என்றெல்லாம் விசாரித்துவிட்டுக் கடைசியில், "ஏட்டி, நீ டவுண்லதான இருக்க. யாருட்டயாவது கேட்டுச் சொல்லேன், அடுத்த தண்ணி என்னைக்குன்னு" என்றார்.

தென்கால் மடையில் தேதி தெரிந்தவர்கள் இந்தப் பதிவைப் பார்த்தால் சொல்லுங்கள்.