முள்ளோடைக்கு அந்தப் பக்கம் வேறு போலீஸ்

தொடர் கடத்தல்காரனைத் தேடும் போலீஸ் படம் என்றால் நம்மிடம் ஓர் அச்சு இருக்கிறது. ஓயாத மழை, தூக்கம் கெட்ட இன்ஸ்பெக்டர், சுவர் முழுக்க போட்டோவும் சிவப்பு நூலும், கடைசி அரை மணி நேரத்துக்கு வில்லனின் சின்ன வயசுக் கொடுமைகள். இந்த வகைப் படங்கள் எனக்கு மிகவும் பிடிக்கும். அதனால்தான் சொல்கிறேன்: குழந்தை காணாமல் போன முதல் சில மணி நேரத்தில் ஸ்டேஷனில் என்ன நடக்கிறது என்பதை யாரும் உருப்படியாக எழுதுவதில்லை. நேரம் எங்கே, யார் கையில் கசிந்தது என்பதில்தான் இந்தக் கதையின் உயிர் இருக்கிறது. அந்தக் கசிவை எழுத புதுச்சேரி–கடலூர் எல்லையைப் போல ஒரு களம் கிடைக்காது.

வரைபடத்தை எடுத்துப் பாருங்கள். புதுச்சேரிப் பகுதி ஒரே துண்டாக இல்லை, தமிழ்நாட்டுக்கு நடுவே சிதறிக் கிடக்கிறது. முத்தியால்பேட்டையைத் தாண்டினால் கோட்டக்குப்பம், விழுப்புரம் மாவட்டம். கோரிமேட்டில் ஜிப்மர் புதுச்சேரி, கொஞ்சம் தள்ளிப் பட்டானூர் தமிழ்நாடு. தெற்கே அரியாங்குப்பம், தவளக்குப்பம், கிருமாம்பாக்கம் ஸ்டேஷன்கள் புதுச்சேரி போலீஸ். ரெட்டிச்சாவடி ஸ்டேஷன் கடலூர் எஸ்.பி.யின் கீழ். புதுச்சேரியின் எல்லையான முள்ளோடை தாண்டி, தென்பெண்ணைப் பாலம் ஏறி இறங்கினால் கடலூரின் ஆல்பேட்டை. கோட்டக்குப்பத்தில் பைக்கை எடுப்பவன் ஒரு மணி நேரத்தில் கடலூர் மஞ்சக்குப்பத்தில் டீ குடிக்கலாம். அதற்குள் அவன் இரண்டு அரசுகளின் போலீஸையும் மூன்று மாவட்டங்களையும் கடந்திருப்பான். வழியில் இருக்கும் சோதனைச்சாவடிகள் தேடுவது மதுபாட்டிலை. பாட்டில் தேடும் கண்ணுக்கு, அப்பா முதுகில் சாய்ந்து தூங்குவது போல் உட்கார்ந்திருக்கும் குழந்தை சந்தேகம் தராது.

குழந்தையைத் தேடி ஓடி வரும் பெற்றோர் எந்த ஸ்டேஷனுக்குப் போவது? படங்களில் ஓர் ஏட்டு "இது எங்க லிமிட் இல்லை" என்பார், இன்னொருவர் "24 மணி நேரம் பார்த்துட்டு வாங்க" என்பார். சட்டத்தில் இரண்டுக்கும் இடமில்லை. காணாமல் போன குழந்தை பற்றிப் புகார் வந்தால், கடத்தலாகவே எடுத்துக்கொண்டு எஃப்.ஐ.ஆர் போட வேண்டும் என்று 2013 மே மாதம் பச்பன் பச்சாவோ ஆந்தோலன் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ்.ஸின் 173ஆவது பிரிவின்படி, சம்பவம் எந்த எல்லையில் நடந்திருந்தாலும் போன ஸ்டேஷனிலேயே ஜீரோ எஃப்.ஐ.ஆர் பதிவு செய்து, பிறகு உரிய ஸ்டேஷனுக்கு மாற்ற வேண்டும். ஆன்லைனில் புகார் கொடுத்தால் 3 நாளுக்குள் வந்து கையெழுத்துப் போட வேண்டும். கடத்தலுக்கான பழைய ஐ.பி.சி. 363 இப்போது புதிய தண்டனைச் சட்டமான பி.என்.எஸ்.ஸில் 137(2), பணம் கேட்டு மிரட்டும் 364ஏ இப்போது 140(2). 2025இல் நடப்பதாகச் சொல்லும் கதையில் இன்ஸ்பெக்டர் "364ஏ போடுய்யா" என்று கத்தினால், அந்தக் காட்சியை, வழக்குப் பதிவுகளை எழுதும் எந்த ஸ்டேஷன் ரைட்டரும் நம்ப மாட்டார்.

24 மணி நேரப் பேச்சு படத்தில் வெறும் வசனம். வெளியே அதை நம்பி வீட்டிலேயே காத்திருக்கும் பெற்றோர் இருக்கிறார்கள். கடத்திக் கொல்லப்பட்ட குழந்தைகளின் வழக்குகளை அமெரிக்காவின் வாஷிங்டன் மாநில அட்டர்னி ஜெனரல் அலுவலகம் ஆராய்ந்தபோது, ஏறக்குறைய நான்கில் மூன்று குழந்தைகள் முதல் 3 மணி நேரத்துக்குள் கொல்லப்பட்டிருந்தார்கள். அவசர உதவிக்கான 112, குழந்தைகளுக்கான 1098 இரண்டு எண்களையும் படத்தில் ஒரு தடவையாவது யாராவது டயல் செய்யட்டும்.

'தொடர்' கடத்தல் என்பது முதல் நாளில் யாருக்கும் தெரியாது. வில்லன் பொம்மை விட்டுவிட்டுப் போவான், போலீஸ் உடனே புரிந்துகொள்ளும் என்பதெல்லாம் எழுத்தாளரின் சௌகரியம். நிஜத்தில் ஒரு ஸ்டேஷனில் 'சிறுமி மாயம்', பக்கத்து ஸ்டேஷனில் 'திட்டியதால் வீட்டை விட்டுப் போன பையன்', மூன்றாவதில் 'காதல் விவகாரமாக இருக்கலாம்' என்று பென்சில் குறிப்பு. மூன்றையும் ஒரே மேசையில் வைத்துப் பார்த்தால்தான் சங்கதி புரியும்: ஒரே கிழமை, பள்ளி விடும் நேரம், ஒரே பஸ் ரூட். 4 மாதமாகியும் கிடைக்காத குழந்தை வழக்கு ஆள் கடத்தல் தடுப்புப் பிரிவுக்குப் போக வேண்டும் என்பது விதி. ஆனால் புதுச்சேரிக்கு ஒரு பிரிவு, தமிழ்நாட்டுக்கு ஒரு பிரிவு. இந்த இடத்தில் கதாநாயகன் யாராக இருக்க வேண்டும் தெரியுமா? துப்பாக்கி ஏந்திய தனிப்படை ஆபீசர் தேவையில்லை. பழைய 'காணவில்லை' வழக்குகளை எல்லாம் எடுத்து, கடைசியாகப் பார்த்த இடம், நேரம், கிழமை என்று கட்டம் போட்டு எழுதும் ஒரு பெண் ரைட்டர் போதும். அவருக்கு எல்லைக்கு அந்தப் பக்க ஸ்டேஷனிலும் ஒரு பேட்ச்மேட் இருந்தால் படம் ஓட ஆரம்பித்துவிடும்.

இனி சிசிடிவி. தமிழ் சினிமா மிக அதிகமாகப் பொய் சொல்லும் இடம் இதுதான்.

டீக்கடையில் இருக்கும் சாதாரண செட்டை எடுத்துக்கொள்வோம். நான்கு கேமரா, காட்சியைப் பதியும் பெட்டியான ஒரு டிவிஆர், 1 டிபி ஹார்டு டிஸ்க். ஒரு கேமரா விநாடிக்கு 2 மெகாபிட் வீதம் பதிந்தால் ஒரு நாளைக்கு சுமார் 21.6 ஜிபி. நான்குக்கும் 86 ஜிபி. பதினோரு நாள் ஆனால் டிஸ்க் நிரம்பும், பழைய பதிவின் மேலேயே புதியது ஏறும். 'எங்க லிமிட் இல்லை' என்று ஒரு வாரம், 'காதல் விவகாரம்' என்று ஒரு வாரம் போனால் அந்தக் காட்சி உலகத்திலேயே இருக்காது. எவனும் அழிக்க வேண்டியதில்லை, தானாக அழியும்.

அடுத்தது "ஜூம் பண்ணு" என்ற மந்திரம். 1920 பிக்சல் அகலமுள்ள கேமரா 12 மீட்டர் அகலத் தெருவைப் பார்த்தால் மீட்டருக்கு 160 பிக்சல். பைக்கின் பின் நம்பர் பிளேட் 20 சென்டிமீட்டர் அகலம், அதற்குக் கிடைப்பது 32 பிக்சல். ஒரு வரியில் ஐந்தாறு எழுத்து என்றால் ஓர் எழுத்துக்கு ஐந்தாறு பிக்சல். அதை எவ்வளவு பெரிதாக்கினாலும் கட்டம்தான் பெரிதாகும், எட்டா மூன்றா என்று தெரியாது. இரவில் நிலைமை இன்னும் மோசம். கேமராவின் அகச்சிவப்பு விளக்கு பிளேட்டில் பட்டுத் திரும்பி வெள்ளைக் கட்டமாக எரியும். ஷட்டர் 1/25 விநாடி திறந்திருந்தால், மணிக்கு 40 கிலோமீட்டரில் போகும் பைக் அந்த நேரத்துக்குள் 44 சென்டிமீட்டர் நகர்ந்துவிடும். பிளேட்டின் அகலத்தைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். அதனால்தான் நல்ல கிரைம் டீம் நம்பரைத் துரத்தாது. உடைந்த டெயில் லைட், ஒரு பக்கம் மட்டும் இருக்கும் சைடு பாக்ஸ், ஹெல்மெட்டில் ஒட்டிய ஸ்டிக்கர் என்று தேடி, அடுத்த கேமரா, அதற்கடுத்த கேமரா என்று கடை கடையாக ஏறி இறங்கும்.

அப்படிக் கோர்க்கும்போது கழுத்தை அறுப்பது கடிகாரம். இன்டர்நெட் இல்லாத டிவிஆரில் நேரம் மெல்ல மெல்லப் பிசகும். உள்ளே இருக்கும் பட்டன் செல் செத்துப்போனால், ஒவ்வொரு கரண்ட் கட்டுக்குப் பிறகும் தேதியே பழைய வருஷத்துக்கு ஓடிவிடும். 2011இல் தானே, 2024இல் ஃபெஞ்சல் என்று புயல் கரையேறி, நாள் கணக்கில் கரண்ட் இல்லாமல் கிடக்கும் ஊர்கள் இவை. இப்போது பாருங்கள்: பைக் கிருமாம்பாக்கம் கேமராவைச் சரியாக 4.40க்குக் கடக்கிறது, ஆல்பேட்டை கேமராவை 4.58க்கு. ஆல்பேட்டை டிவிஆர் 25 நிமிடம் பின்தங்கியிருந்தால் அங்கே 4.33 என்று காட்டும். காகிதத்தில் அவன் கடலூரிலிருந்து புதுச்சேரிக்குப் போனவன் ஆகிவிடுவான். குழந்தையை ஏற்றிக்கொண்டு தெற்கே போனவனை விட்டுவிட்டு, வடக்கே ஆரோவில் பக்கம் ஆள் அனுப்புவார்கள். இதைவிட நல்ல இடைவேளைத் திருப்பம் எந்த சைக்கோ வில்லன் தருவான்?

செய்ய வேண்டியது சின்ன வேலைதான். டிவிஆர் திரையையும் சரியான நேரம் காட்டும் செல்போனையும் பக்கத்தில் வைத்து ஒரே படமாக எடுத்து, எத்தனை நிமிட வித்தியாசம் என்று, கைப்பற்றியதைப் பதியும் மகஜரில் எழுத வேண்டும். பதிவை எடுத்ததும், பிறகு அதை யாரும் மாற்றவில்லை என்று காட்ட உதவும் ஹாஷ் மதிப்பைக் குறிக்க வேண்டும். மின்னணு ஆதாரத்துக்காகப் புதிய சாட்சியச் சட்டமான பி.எஸ்.ஏ. கேட்கும் 63(4) சான்றிதழில் ஏ பகுதியில் கருவியைப் பராமரிப்பவரும், பி பகுதியில் நிபுணரும் கையெழுத்திட வேண்டும். பழைய 65பி சான்றிதழ் கட்டாயம் என்று 2020இல் அர்ஜுன் பண்டிட்ராவ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதன் தொடர்ச்சி இது. பென் டிரைவில் காப்பி அடித்து வாட்ஸ்அப்பில் அனுப்பியது கோர்ட்டில் நிற்காது.

டவர் விஷயமும் இப்படித்தான். கம்ப்யூட்டர் திரையில் சிவப்புப் புள்ளி துடிக்க, "சார், அந்த வீட்லதான் இருக்கான்" என்பார்கள். போன் கம்பெனி தரும் அழைப்புப் பதிவான சி.டி.ஆரில் கிடைப்பது எந்த டவரின் எந்த செக்டர் என்பது மட்டும்தான், அதுவும் போன் பேசியபோது, எஸ்.எம்.எஸ் வந்தபோது, டேட்டா ஓடியபோது. வாட்ஸ்அப் கால் அதில் காலாகவே வராது. பொதுவாக ஒரு டவரில் மூன்று செக்டர், ஒவ்வொன்றும் 120 டிகிரி. பாகூர் வயல்வெளியில் ஒரு செக்டர் இரண்டு மூன்று கிலோமீட்டர் பரவும், தண்ணீர் மேல் இன்னும் தூரம் போகும். தென்பெண்ணைக்கு இந்தக் கரையில் நிற்பவன் அந்தக் கரை டவரில் விழுவது சாதாரணம். புதுச்சேரியும் காரைக்காலும் தொலைபேசியில் தமிழ்நாடு வட்டம்தான் (மாஹே கேரளத்தோடு, ஏனாம் ஆந்திரத்தோடு), ஆகவே போனுக்கு முள்ளோடை எல்லை தெரியாது. ஆனால் சி.டி.ஆர் கேட்டு எஸ்.பி. அந்தஸ்து அதிகாரி வழியாகத்தான் கடிதம் போக வேண்டும், எல்லைக்கு இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர்.

மூன்று கடத்தல் இடங்களின் டவர் டம்ப்பை, அதாவது அந்த நேரத்தில் அந்த டவரில் பதிவான எல்லா எண்களின் பட்டியலை எடுத்து மூன்றிலும் பொதுவான எண்ணைத் தேடுவார்கள். சரியான முறைதான். ஆனால் முதலில் வந்து விழுவது யார்? கடலூர்–புதுச்சேரி பஸ் கண்டக்டர், மெடிக்கல் ரெப், பார்சல் டெலிவரி பையன். தினமும் அந்தச் சாலையில் ஓடுகிறவர்கள் எல்லா டம்ப்பிலும் இருப்பார்கள். அவர்களில் ஒருவரைக் கொண்டுபோய் அடித்து உட்கார வைக்கும் காட்சியை நேர்மையாக எழுதினால் படம் எங்கேயோ போய்விடும்.

மோப்ப நாய் பற்றி நம் பத்திரிகைகளே சரியாக எழுதிவிட்டன: "சிறிது தூரம் ஓடி நின்றது, யாரையும் கவ்விப் பிடிக்கவில்லை." வண்டியில் ஏற்றிய இடத்தோடு வாசனை அறும். நாய் நிற்கும் இடமே தகவல்தான், அங்கேதான் வண்டி நின்றது.

வில்லன் யார் என்பதில் எனக்குக் கோபமே உண்டு. அழுக்குச் சட்டை, கலைந்த தலை, பாஷை தெரியாத வெளியூர்க்காரன் என்று திரும்பத் திரும்பக் காட்டுகிறோம். 2018 மே மாதம் திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே, கோயிலுக்கு வந்த மூதாட்டி ஒருவர் குழந்தைக்குச் சாக்லேட் கொடுத்தார். பிள்ளை பிடிக்க வந்தவர் என்று ஊரே சேர்ந்து அடித்துக் கொன்றது. அதே நாட்களில் பழவேற்காட்டிலும் ஒருவரைக் கொன்றார்கள். வாட்ஸ்அப் வதந்திதான் தீ வைத்தது, ஆனால் 'பிள்ளை பிடிப்பவன்' எப்படி இருப்பான் என்ற முகத்தை மனசில் வரைந்து வைத்ததில் சினிமாவுக்குப் பங்கில்லை என்று சொல்ல முடியாது. 2024 மார்ச்சில் புதுச்சேரியை உலுக்கிய சிறுமி கொலையில், மூன்று நாள் தேடிய பிறகு உடல் கிடைத்தது வீட்டுக்குப் பக்கத்துக் கால்வாயில். கைதானவர்கள் அதே பகுதியில் வசித்தவர்கள். சிப்காட்டில் வேலை செய்யும் வடமாநிலத் தொழிலாளியைச் சந்தேகப் பார்வையோடு க்ளோஸ்-அப்பில் காட்டும் முன் இயக்குநர்கள் இதை நினைக்க வேண்டும். தேடலும் அப்படித்தான் தொடங்க வேண்டும்: முதலில் குழந்தையின் வீடு, மொட்டை மாடி, தண்ணீர்த் தொட்டி, பூட்டிய பக்கத்து வீடு, பிறகு தெரு, அதன் பிறகுதான் நெடுஞ்சாலை.

கடைசியாக, அடித்து வாங்கும் ஒப்புதல். தியேட்டரில் விசில் பறக்கும். போலீஸிடம் சொன்ன ஒப்புதல் கோர்ட்டில் செல்லாது, பி.எஸ்.ஏ. 23 அதைத்தான் சொல்கிறது. அவன் சொன்னதை வைத்து ஒரு பொருளைக் கண்டெடுத்தால், அதற்கு நேரடியாகத் தொடர்புள்ள பகுதி மட்டும் ஏற்கப்படும். அதனால்தான் நம் ஊர் வழக்குகளில் வி.ஏ.ஓ.வும் உதவியாளரும் சாட்சியாக வந்து நிற்கிறார்கள். இப்போது பி.என்.எஸ்.எஸ். 105படி தேடுவதையும் கைப்பற்றுவதையும் வீடியோ எடுத்தாக வேண்டும். டெல்லிக்குப் பக்கத்தில், நொய்டாவின் நிதாரியில் என்ன ஆனது? 2005, 2006இல் பிள்ளைகளைக் காணோம் என்று பெற்றோர் அலைந்தார்கள், 2006 டிசம்பரில் எலும்புகள் கிடைத்தன, தூக்குத் தண்டனை வரை போனது. 2023 அக்டோபரில் அலகாபாத் உயர் நீதிமன்றம் விசாரணையைக் கடுமையாகச் சாடி, குற்றம் சாட்டப்பட்ட இருவரையும் விடுதலை செய்தது, 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. அத்தனை குழந்தைகளைக் கொன்றது யார் என்ற கேள்விக்கு இன்று சட்டத்தில் விடை இல்லை.

அடையாள அணிவகுப்பிலும் இதே ஓட்டைதான். கடலூர் கேப்பர் மலைச் சிறையில் மாஜிஸ்திரேட் முன்னால், ஒரே சாயலில் இருக்கும் பல பேருக்கு நடுவே கைதானவனை நிறுத்தி, தப்பி வந்த குழந்தையிடம் அடையாளம் காட்டச் சொல்வார்கள். அதற்கு முந்தின நாள் ஒரு கான்ஸ்டபிள் ஆர்வத்தில் தன் செல்போனை நீட்டி "இவன்தானேம்மா?" என்று கேட்டிருந்தால், குறுக்கு விசாரணையில் அந்த ஒரு கேள்வி போதும், அணிவகுப்பு செல்லாமல் போகும். அந்தச் செல்போன் நீளும் காட்சியை எழுதிவிட்டுத்தான் க்ளைமாக்ஸ் சண்டைக்கு மாஸ்டரைக் கூப்பிட வேண்டும்.